பால் ஹெட் வாங்கும் முன் இறுக்கிப் பாருங்கள்

ட்ரைபாட் என்ற மூன்று கால் தாங்கியின் உச்சியில் கேமராவைப் பிடித்துக்கொள்ளும், பந்து வைத்த தலைதான் பால் ஹெட். கடையில் அதைக் கேட்டால் முதலில் காதில் விழுவது எடைக் கணக்குதான். "சார், இது இருபது கிலோ தாங்கும் சார், உங்க கேமராவுக்கு இதுவே ஜாஸ்தி." கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணை வைத்து ஒரு பால் ஹெட் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு அலையும் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது. இறுக்கிய பிறகு கேமரா வைத்த இடத்தில் நிற்கிறதா, இறுக்குவதற்கு முன்னால் கைக்கு எவ்வளவு இணக்கமாக நகர்கிறது, இதைத்தான் பார்க்க வேண்டும். இது எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சிருய் நிறுவனத்தின் கே-20எக்ஸ் என்ற தலைக்கு 38 மி.மீ. பந்து, எடை 400 கிராம் அளவு, தாங்கும் எடை 25 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரியலி ரைட் ஸ்டஃப் செய்யும் பிஎச்-55 தலைக்கு 55 மி.மீ. பந்து, எடை இரண்டு மடங்கு, விலை பல மடங்கு. அதற்கு அவர்கள் சொல்வது 50 பவுண்டு, அதாவது 23 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் சின்னதுதான் பலசாலி. ஆனால் இரண்டிலும் ஒரு பெரிய டெலி லென்ஸை, அதாவது தூரத்தை நெருக்கிக் காட்டும் நீள லென்ஸை, ஏற்றிச் சாய்த்துப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சிருய் மோசம் என்று சொல்ல வரவில்லை, அந்த விலைக்கு அது அருமையான தலை. எடையை எப்படி அளப்பது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது முறை கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்து தன் எண்ணைப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். ஒரு உலோகப் பந்து, அது உட்கார ஒரு குழி. பக்கத்திலிருக்கும் பெரிய திருகைச் சுற்றினால் குழி பந்தை நெருக்குகிறது, உராய்வு கூடுகிறது, பந்து நிற்கிறது. அந்தப் பந்தைச் சுழற்றப் பார்ப்பது கேமராவின் எடை மட்டும் இல்லை, அந்த எடை பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான். 2 கிலோ 10 செ.மீ. தள்ளித் தொங்கினாலும் 1 கிலோ 20 செ.மீ. தள்ளித் தொங்கினாலும் பந்துக்கு ஒரே பாடுதான். நேர் மேலே நிறுத்தி வைத்தால் எந்தச் சுமாரான தலையும் நிறைய எடை தாங்கும், சாய்த்தால்தான் சங்கதி வெளியே வரும். பந்தின் விட்டம் ஏன் முக்கியம் என்பதும் இங்கே இருந்துதான் வருகிறது: ஒரே அளவு நெருக்கினால் 54 மி.மீ. பந்து 36 மி.மீ. பந்தைவிட ஒன்றரை மடங்கு முறுக்கைத் தாங்கும், ஏனென்றால் உராய்வு மையத்திலிருந்து அந்த அளவுக்குத் தள்ளி நின்று வேலை செய்கிறது. ஆகவே எடை எண்ணைக் கேட்பதற்குப் பதில் பந்து எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். 24-105 மி.மீ. மாதிரி லென்ஸோடு ஊர் சுற்றுபவருக்கு 36, 38 மி.மீ. பந்து போதும். 100-400 இருந்தால் 44 பக்கம் போங்கள். அதற்கு மேல் போனால் 54, இல்லையென்றால் வேறு வகைத் தலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம், பால் ஹெட் வைத்திருக்கும் எல்லோரும் அனுபவித்திருக்கும் தொல்லை ஒன்று உண்டு. ஃபிரேமைச் சரியாக வைத்து, திருகை இறுக்கி, கையை எடுத்தால் படம் ஒரு நூல் கீழே இறங்கிவிடும். அகன்ற கோண லென்ஸில் இது கண்ணுக்கே தெரியாது. 24 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் மேலிருந்து கீழாகப் பார்ப்பது சுமார் 53 டிகிரி. தலை அரை டிகிரி இறங்கினால் ஃபிரேம் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு நகரும், யாருக்குத் தெரியப் போகிறது. 500 மி.மீ. லென்ஸ் பார்ப்பது 3 டிகிரிகூட இல்லை. அதே அரை டிகிரி அங்கே ஃபிரேமில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

வேடந்தாங்கல் கரையில் நின்று கூட்டிலிருக்கும் சங்குவளை நாரையை எடுக்கும்போது இதை அப்படியே பார்க்கலாம். தண்ணீருக்குள் பாதி மூழ்கி நிற்கும் மரம், உச்சியில் கூடு, பறவை எழுந்து நின்று குஞ்சைப் பார்த்துக் கழுத்தை வளைக்கிறது. நிக்கான் 200-500 லென்ஸ், அதை ட்ரைபாடில் மாட்ட உதவும் காலர் வளையம் உட்பட, 2.3 கிலோ, அதோடு கேமரா. பறவையின் தலைக்கு மேலே கொஞ்சம் வானம் விட்டு ஃபிரேம் வைத்து இறுக்கிக் கையை எடுக்கிறீர்கள். லென்ஸின் முன்பக்கம் மெதுவாகத் தாழ்கிறது, திரையில் பறவை மேலே ஏறுகிறது, அலகும் உச்சந்தலையும் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. மறுபடியும் தளர்த்தி, கொஞ்சம் தூக்கி வைத்து, இறுக்கி முடிப்பதற்குள் அது உட்கார்ந்துவிடும். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் செய்வது, இறங்கப்போகும் அளவுக்கு முன்கூட்டியே மேலே குறி வைத்து இறுக்குவது. ஒரே தலையை ரொம்ப நாள் பயன்படுத்தினால் கைக்கு அந்த அளவு பழகிவிடும். ஆனால் நல்ல தலையில் இந்த வித்தையே தேவைப்படாது, எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும். காசு கொடுப்பது இதற்குத்தான்.

எல்லா இறக்கத்துக்கும் தலையைக் குறை சொல்லவும் கூடாது. லென்ஸ் காலரின் கால் வளையும், கேமராவின் அடியில் மாட்டும் பிளேட்டின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், ட்ரைபாடின் நடுக்கம்பியை உயர்த்தியிருந்தால் அதுவே ஆடும். எது ஆடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: லைவ் வியூவில், அதாவது கேமராவின் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில், படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, லென்ஸ் நுனியை ஒற்றை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். அப்புறம் அதே மாதிரி கேமராவை, பிளேட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பை, பந்திலிருந்து மேலே வரும் கழுத்தை, கால்கள் சேரும் ட்ரைபாடின் தோளை என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் படம் குறைவாக ஆடுகிறதோ அதற்கு மேலேதான் பலவீனம் இருக்கிறது.

கடையிலும் இதே சோதனையைத்தான் செய்யச் சொல்வேன். உங்கள் கேமராவையும் இருப்பதிலேயே நீளமான லென்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள், கூச்சப்படாதீர்கள். தலையை நல்ல கனமான ட்ரைபாடில் மாட்டித் தரச் சொல்லுங்கள். தூரத்தில் ஒரு பெயர்ப் பலகையின் எழுத்து நடுவில் வரும்படி வைத்து, முன்பக்கம் முப்பது டிகிரி அளவு தாழ்ந்திருக்கும்படி சாய்த்து இறுக்குங்கள், சாதாரணமாக எவ்வளவு இறுக்குவீர்களோ அவ்வளவு மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாம். கையை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, எழுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பாருங்கள், சில தலைகள் உடனே இறங்காமல் நிதானமாக ஊரும். அப்புறம் திருகைத் தளர்த்தும்போது கவனியுங்கள். பந்து ஒரேயடியாக விடுபடுகிறதா, இல்லை படிப்படியாக இளகுகிறதா? மலிவான தலைகளில் இந்தப் படிப்படியாக இளகும் குணம்தான் அடிபடும், இறுக்கமாக இருக்கும், கால் சுற்று திருப்பினால் தொபுக்கென்று விழும். நடுவில் ஒன்றும் இருக்காது.

அந்த நடு நிலைக்காகத்தான் உராய்வுத் திருகு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். சில தலைகளில் அது சின்னதாகத் தனியே இருக்கும், சிலவற்றில் பெரிய திருகின் நடுவிலேயே பதித்திருப்பார்கள். நிறைய பேர் இதை வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை, என் கணக்கில் பால் ஹெட்டின் சுகமே அதில்தான் இருக்கிறது. இடது கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு பெரிய திருகை முழுதாகத் தளர்த்துங்கள். கேமராவை 45 டிகிரி சாய்த்து, கை வைத்தபடியே, உராய்வுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். கையை விலக்கினால் கேமரா விழாமல் நிற்கும், அல்லது மிக மெதுவாகச் சாயும், ஆனால் நீங்கள் தள்ளினால் வழுவழுவென்று நகரும் என்ற இடம் ஒன்று வரும். அங்கே விட்டுவிடுங்கள். இனிமேல் பெரிய திருகை எவ்வளவு திறந்தாலும் கேமரா தலைகுப்புற விழாது, ஃபிரேம் வைப்பதும் ஒரு கை வேலையாகிவிடும். லென்ஸ் மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும், பத்து நொடி வேலை. ஆர்க்கா ஸ்விஸ் நிறுவனத்தின் பழைய பி1 தலையிலிருந்து வரும் ஒரு நுட்பமும் இதே நோக்கத்துக்குத்தான்: அந்தப் பந்து முழு உருண்டை இல்லை, மிகக் கொஞ்சம் நீள்வட்டம். கேமரா சாயச் சாய உராய்வு தானாகக் கூடும். சாய்வு அதிகமாகும்போதுதான் விழும் ஆபத்தும் அதிகம் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது.

எப்படியிருந்தாலும், இடது கை கேமராவை விட்டு எப்போதும் போகக் கூடாது. திருகைத் தொடுவது வலது கை, எடையைத் தாங்குவது இடது கை, இறுக்கியாயிற்று என்று நிச்சயமான பிறகுதான் இடது கை விலகும். கனமான லென்ஸ் விழும்போது பந்தின் கழுத்துக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் விரல் மாட்டினால் வலி உயிர் போகும்.

செங்குத்துப் படம் எடுக்க எல்லாத் தலையிலும் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், கழுத்தை அதில் சாய்த்தால் கேமரா 90 டிகிரி திரும்பும். வேலை நடக்கும், ஆனால் மொத்த எடையும் ட்ரைபாடின் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கம் தொங்கும். மேலே சொன்ன முறுக்குக் கணக்கு முழுதாக வந்து உட்காருவது இங்கேதான். கண்டிப்பாகப் பள்ளத்தைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், அது ட்ரைபாடின் ஒரு காலுக்கு நேர் மேலே வரும்படி தலையைத் திருப்பி வையுங்கள், காற்றடித்தாலும் சாயாது. அடிக்கடி செங்குத்துப் படம் எடுப்பவர்கள் எல் பிராக்கெட், அதாவது கேமராவின் அடியிலும் பக்கத்திலும் பிளேட் போல அமையும் எல் வடிவத் தகடு, வாங்கிவிடுங்கள். கேமராவைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்டினால் போதும், பந்து நேராகவே இருக்கும், எடை நடுவிலேயே இருக்கும், ஃபிரேமும் பெரிதாக மாறாது. தலையில் போடும் பணத்தில் கொஞ்சத்தை இதில் போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். காலர் உள்ள லென்ஸுக்கு இது தேவையில்லை, காலரைத் தளர்த்திச் சுற்றினால் முடிந்தது.

பிளேட் விஷயம். ஆர்க்கா ஸ்விஸ் வகைப் பிளேட்டைத் தவிர வேறு எதிலும் இன்று மாட்டிக்கொள்ளாதீர்கள். 38 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் சரிவாக வெட்டிய விளிம்பு, அதை இரண்டு தாடைகள் பிடித்துக்கொள்ளும். எல் பிராக்கெட், லென்ஸ் கால், மிக நெருங்கிப் படம் எடுக்கும் மேக்ரோவுக்கான ரெயில் எல்லாம் இந்த அளவில்தான் கிடைக்கின்றன. மான்ஃப்ரோட்டோவின் பழைய ஆர்சி2 பிளேட் உள்ள தலைகள் இன்னும் நிறைய கைமாறிக்கொண்டிருக்கின்றன. தலை என்னவோ உறுதிதான், ஆனால் பிளேட் வேறு குடும்பம். அவர்களே பின்னால் இரண்டிலும் பொருந்தும் 200பிஎல் ப்ரோ என்ற பிளேட்டைக் கொண்டுவந்தார்கள். ஆர்க்கா வகை என்று எல்லோரும் சொன்னாலும் அகலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் நூலிழை வித்தியாசம் இருக்கும். திருகி மூடும் கிளாம்ப்புக்கு அது பிரச்சினை இல்லை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறுகிக்கொள்ளும். நெம்புகோல் வைத்த கிளாம்ப் வேகமாக மூடும், பார்க்க அழகு, ஆனால் வேறு நிறுவனப் பிளேட்டை வைத்தால் சில நேரம் லொடலொடக்கும். பல நிறுவனங்களின் பிளேட்டை வைத்திருப்பவர்கள் திருகு கிளாம்ப்பே எடுங்கள். பிளேட்டின் அடியில் முனைகளில் வரும் குட்டி ஸ்க்ரூக்களையும் கழற்றிப் போடாதீர்கள், கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும் கேமரா வழுக்கி வெளியே போகாமல் தடுப்பவை அவைதான்.

தலைக்கு அடியில் சுழலும் தட்டு இருக்கும், அதற்குத் தனி லாக். பல படங்களை ஒட்டி அகலமான பனோரமா எடுக்கிறவர்கள் இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தட்டு பந்துக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் பந்தை வைத்து அடிவானத்தை நேராக்கினாலும், ட்ரைபாடின் தோள் சாய்ந்திருந்தால் சுற்றச் சுற்ற அடிவானமும் சாய்ந்துகொண்டே போகும். அதனால் கால்களை வைத்துத்தான் மட்டம் பார்க்க வேண்டும், பாறை மேலும் சரிவிலும் அது பெரிய வேலை. இதற்கு நல்ல தீர்வு பந்துக்கு மேலே, கிளாம்ப்பிலேயே சுழலும் தட்டு உள்ள தலை. பந்தால் கிளாம்ப்பை மட்டமாக்கினால் போதும், கால்கள் எப்படி நின்றாலும் கவலையில்லை. ஆர்க்கா ஸ்விஸின் பி0, அக்ராடெக்கின் ஜிபி மாதிரி தலைகீழாக, சுழலும் தட்டு மேலே வரும்படி வேலை செய்யும் தலைகளும் இதே வேலையைச் செய்யும்.

இதே இடத்தில் இன்னொன்று. தலை ட்ரைபாடில் உட்காருவது 3/8 அங்குல ஸ்க்ரூவில், கேமரா பிளேட்டில் இருப்பது 1/4 அங்குலம். சுழலும் தட்டு இறுகியிருக்கும்போது கேமராவை இடப்பக்கமாகப் பலமாகத் திருப்பினால், தட்டு சுற்றுவதற்குப் பதில் மொத்தத் தலையுமே ட்ரைபாடிலிருந்து கழன்று வரத் தொடங்கும். பல ட்ரைபாடுகளின் தலைத்தட்டுக்கு அடியில் இதைத் தடுக்கச் சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும், அவற்றை ஆலன் கீயால் மேல்நோக்கி இறுக்கி வையுங்கள். கேமராவோடு ட்ரைபாடைத் தூக்குவதற்கு முன் தலையைப் பிடித்து ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

பால் ஹெட் எதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே திருகு மூன்று திசையையும் ஒன்றாகத் திறக்கிறது. மலை ஏறும்போதும், சூரியன் கிளம்பும் அந்த அவசரத்திலும் இதைவிட வசதி வேறு இல்லை, நான் இயற்கைக் காட்சிக்குப் பால் ஹெட்டைத்தான் எடுத்துப்போவேன். ஆனால் கட்டடத்தை எடுக்கும்போது இடம் வலம் மட்டும் ஒரு இம்மி சரிசெய்ய வேண்டும் என்றால், அதைச் சரிசெய்யும்போது மேல் கீழும் கலைந்துபோகும். அதற்குப் பற்சக்கரம் வைத்த கியர் ஹெட் இருக்கிறது, ஒவ்வொரு திசைக்கும் ஒரு குமிழ். மேக்ரோவுக்கும் அதுவே மேல், ஒரு பூவின் மகரந்தத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு இறுக்கும்போது நகரும் அந்த ஒரு நூலில் மொத்தப் படமும் போய்விடும். வீடியோவுக்கு வழுவழுவென்று திரும்பும் ஃப்ளூயிட் ஹெட். பறக்கும் பறவைக்கு கிம்பல், அதில் லென்ஸ் தன் எடையிலேயே சமநிலையில் தொங்குவதால் எதையும் இறுக்காமலே பின்தொடரலாம். பெரிய டெலி லென்ஸைப் பால் ஹெட்டில் தளர்வாக வைத்துக்கொண்டு பறவையைத் துரத்துவது பறவைக்கும் நல்லதில்லை, லென்ஸுக்கும் நல்லதில்லை, ஒரு நொடி கவனம் சிதறினால் லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து ட்ரைபாடையே இழுத்துக்கொண்டு போகும்.

பராமரிப்பு பற்றி நிறைய தப்பான ஆலோசனை சுற்றுகிறது, முக்கியமாக எண்ணெய் போடுவது. பந்துக்கு எண்ணெய் போடாதீர்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். இந்தக் கருவி முழுக்க முழுக்க உராய்வை நம்பி நிற்கிறது, அதில் வழுக்கலைக் கொண்டுவந்தால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தனுஷ்கோடி மாதிரி இடத்தில் காற்றோடு வரும் மணல்தான் உண்மையான எதிரி. பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு மணல் போனாலும் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரும், அந்த நேரத்தில் மேலும் மேலும் திருப்பிப் பார்த்தால் பந்தில் கீறல் விழும். திருகை முழுதாகத் தளர்த்தி, தலையைக் கவிழ்த்து, கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் புளோவரால் நன்றாக ஊதுங்கள், அப்புறம் துடையுங்கள். உப்புக் காற்றில் நின்றிருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை.

பட்ஜெட் இடித்தால் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். நல்ல பால் ஹெட் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் இல்லை, உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. எடையில்லாமல் பந்தை எல்லாத் திசையிலும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது சிக்கினால் அல்லது ஒரு இடத்தில் மட்டும் தளர்ந்தால் வேண்டாம். பந்தில் நீளவாக்கில் ஆழமான கோடு இருந்தால் வேண்டாம். கீழே விழுந்த அடையாளமாகத் திருகின் தண்டு வளைந்திருக்கிறதா, சுழலும் தட்டில் மேலும் கீழும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் போனது, எழுத்து அழிந்தது, ரப்பர் தேய்ந்தது இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, விலையைக் குறைத்துக் கேட்க உதவும். மேலே சொன்ன பெயர்ப் பலகைச் சோதனையில் எழுத்து நகரவில்லை என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.